பதினாறாம் சீட்டு

செந்தூர்பாண்டியிடம் எட்டுக் கட்டு டாரட் சீட்டு இருக்கிறது. எட்டில் ஒன்றுகூடக் கடையில் வாங்கியதில்லை. சிவகாசியில் அவன் வேலை பார்க்கும் அச்சாபீசில் பஞ்சிங் மிஷின் அவன் பொறுப்பு. அச்சாகிப் பளபளப்பு ஏறி வரும் பெரிய தாள் அந்த மிஷினுக்குள் போனால், முனை மழுங்கிய சீட்டுகளாக உதிர்ந்து வெளியே வரும். ஓரம் பிசகியது, மை பூத்தது, கீறல் விழுந்தது எல்லாம் வேஸ்ட் சாக்குக்குப் போகும். அந்தச் சாக்கில் கைவிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எழுபத்தெட்டும் சேரும்வரை காத்திருந்து சேர்த்த கட்டுகள் அவை.

வெளிநாட்டுக்காரர்கள் இந்தச் சீட்டைப் போட்டு ஜோசியம் பார்க்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். எந்தச் சீட்டு வந்தால் என்ன பலன் என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. எல்லா டாரட்டையும் அவன் தொடுவதில்லை. பூனை, மயில், நிலா என்று வருஷம் முழுக்க எத்தனையோ தினுசு வரும். சீந்த மாட்டான். பழைய டிவி கேம் மாதிரி, சதுரம் சதுரமாக அடுக்கி வரைந்த படம் வந்தால்தான் அவன் கை நிற்கும். அதில் ராஜாவுக்கு மூக்கு ஒரு சதுரம், கிரீடம் ஐந்து சதுரம். சூரியன் படிக்கட்டு மாதிரி இருக்கும்.

பத்து வயதில் தீப்பெட்டி ஆபீசில் கட்டையில் குச்சியடுக்கிய கூலியில், வாரத்துக்கு ஒரு நாள், சாத்தூரில் ஒரு கடைக்குப் போய் அரைமணி நேரம் டிவி கேம் கேசட் போட்டு விளையாடுவான். திரைக்குள் ஒரு குட்டி ஆள் ஓடுவான், தாவுவான், பள்ளத்தில் விழுவான். விழுந்தவன் இரண்டு மூன்று தரம் மின்னிவிட்டு, ஒன்றும் ஆகாதவன்போல எழுந்து மறுபடி ஓடுவான். மூன்று உயிர் அவனுக்கு. ஆறு நாளும் குச்சியடுக்கி விரல் தேய்ந்த பையனுக்கு, வாழ்க்கையில் கிடைத்த விளையாட்டு அந்த அரைமணி மட்டும்தான். அச்சாபீசில் முதன்முறை அப்படி ஒரு சீட்டைப் பார்த்தபோது அவனுக்கு வயது இருபத்தேழு. மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றான்.

மதியச் சாப்பாட்டின்போது செட் சேர்க்கும் பெண்களிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கிறான். வீட்டிலும் சொல்லியிருக்கிறான். அவன் பெண்டாட்டி வேல்விழி, அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய்வருகிறவள், பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள்:

"கிளி ஒண்ணுதான் பாக்கி. அதையும் வாங்கிட்டீகன்னா கோயில் வாசல்ல விரிப்ப விரிச்சிரலாம்."

ஏழு கட்டை அவன் அடிக்கடி எடுத்துப் பார்ப்பான். எட்டாவது கட்டைத் தொடுவதில்லை.

அந்த எட்டாவது ஆர்டர் மாசி மாதம் வந்தது. காலண்டர் வேலை முடிந்து அச்சாபீஸ் காற்றாடிக்கொண்டிருந்த நேரம். ஐந்நூறு கட்டு, ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்று முதல் ஐந்நூறுவரை நம்பர், சீட்டின் ஓரமெல்லாம் தங்க ஃபாயில். செந்தூர்பாண்டி அதுவரை பார்த்ததிலேயே அழகான சீட்டு அதுதான். முதுகுப்பக்கம் நீலச் சதுரங்கள், கடல் மாதிரி. ஆனால் ஆர்டர் கொடுத்தவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஐந்நூறுக்கு மேல் ஒரு சீட்டும் வெளியே போகக்கூடாது. மிஞ்சுவது நல்லதோ கெட்டதோ கிழித்து, வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். மேனேஜர் ஜெயச்சந்திரன் அந்த வேலையை வள்ளித்தாயிடம் கொடுத்தார்.

வள்ளித்தாய் எட்டு வருஷமாக அந்த மேசையில் நிற்கிறவள். செட் சேர்ப்பது நடந்துகொண்டே செய்கிற வேலை. நீள மேசையைச் சுற்றி எழுபத்தெட்டு அடுக்கு வைத்திருப்பார்கள். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மேசையைச் சுற்றிவந்து, அடுக்குக்கு ஒரு சீட்டாக எடுத்தால், ஒரு சுற்றுக்கு ஒரு கட்டு. சாயங்காலம் ஆகும்போது நாலைந்து மைல் நடந்திருப்பார்கள். வள்ளித்தாய் சலித்துக்கொண்டதே இல்லை. அவள் புருஷன் சங்கிலிமுத்து பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்துச் செத்தவன். அவனைப் புதைத்த மறுமாதம், இனிமேல் மருந்து வாடையே வேண்டாம் என்று அச்சங்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்து இந்த மேசையைப் பிடித்தாள்.

இந்தச் சீட்டில் பதினாறாம் நம்பர் ஒரு கோபுரம். சாம்பல் சதுரங்களால் கட்டிய கோபுரம் நடுவில் பிளந்து, ஜன்னல் ஜன்னலாக ஆரஞ்சுச் சதுரமும் மஞ்சள் சதுரமும் தெறிக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு குட்டி ஆட்கள் தலைகீழாக விழுகிறார்கள்.

மேசையில் மூத்தவள் பாண்டிலட்சுமி அதை எடுத்துப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி இது, நம்ம ஊரு பட்டாசு ஷெட்டப் படம் போட்டு அனுப்பிருக்கான்?"

"கோபுரம்மா அது. இடி விழுகுது. ஜோசியத்துல அதுக்கு ஏதோ பலன் இருக்காம்" என்றார் ஜெயச்சந்திரன்.

"பலன் தெரிய சீட்டு எதுக்கு? எங்க தெருவுல வந்து கேக்கச் சொல்லுங்க. வீட்டுக்கு வீடு சொல்லுவோம்."

யாரும் சிரிக்கவில்லை. வள்ளித்தாய் இருந்தாள். அன்றைக்கே பெண்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். எழுபத்தேழு அடுக்கும் படம் மேலே தெரிய இருக்கும். பதினாறாம் அடுக்கு மட்டும் கவிழ்ந்து கிடக்கும். எடுக்கிறவள் பார்க்காமலே எடுத்துத் திருப்பிக் கட்டில் செருகுவாள். மிஞ்சிய சீட்டுகளைக் கிழிப்பதிலும் வள்ளித்தாய் ஒரு முறை வைத்திருந்தாள். மற்றதெல்லாம் சாயங்காலம்வரை சாக்கில் கிடக்கும். கோபுரம் வந்தால் அந்த நிமிஷமே நாலாகக் கிழித்து, தண்ணீர் வாளியில் போட்டுக் கையால் அமுக்குவாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்வாள்.

அதனால்தான் செந்தூர்பாண்டிக்கு எழுபத்தேழு கிடைத்தும் பதினாறு கிடைக்கவில்லை. மதியம் பெண்கள் சாப்பிடும் நேரத்தில் சாக்கில் கைவிட்டுத் துழாவினால் ராஜா இருப்பான், நிலா இருக்கும். கோபுரம் இருக்காது. வாளியில் கூழாகக் கிடக்கும்.

நாலு நாள் பார்த்தான். ஐந்தாம் நாள் வேலை முடியப் போகிறது.

பஞ்சிங் போடுகிறவன் நூறு நூறாக எண்ணிக் காகிதப் பட்டை ஒட்டிக் கொடுப்பான். அந்தக் கட்டை மேசையில் யாரும் மறுபடி எண்ணுவதில்லை. மிஷின்காரன் எண்ணிக்கை என்றால் எண்ணிக்கைதான். அந்த அச்சாபீசின் பழக்கம் அது. கோபுரத்தின் ஐந்தாவது நூறில் செந்தூர்பாண்டி தொண்ணூற்றொன்பது வைத்துப் பட்டை ஒட்டினான். ஒன்றைச் சோற்று வாளிப் பையின் அடியில், பழைய பேப்பருக்குள் வைத்தான். எப்படியும் நாலைந்து உபரி இருக்கும், ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தான். உபரி எல்லாம் வாளிக்குள் போய்விட்டது என்பது அவனுக்கே தெரிந்த விஷயம். ஆசை வந்தபோது அது நினைவில் நிற்கவில்லை.

மூன்று மணிக்குக் கடைசிச் சுற்று. ஐந்நூறாம் கட்டில் பதினாறு இல்லை.

மேசைக்கடியில் பார்த்தார்கள். பெருக்கிப் பார்த்தார்கள். எதிலாவது இரண்டு விழுந்திருக்கிறதா என்று பெட்டி பெட்டியாகத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே எடை. ஃபாயில் ஒட்டும் அச்சு கொடுத்தவருக்கே திரும்பப் போய்விட்டது, அச்சுப் பிளேட்டை அழித்தாகிவிட்டது. ஒரு சீட்டை மட்டும் புதிதாகப் பிறப்பிக்க முடியாது. ஜெயச்சந்திரன் வாளிக்கு முன்னால் போய் நின்றார். வள்ளித்தாயும் வாளியைப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையை, பத்தடி தள்ளி மிஷினருகே நின்ற செந்தூர்பாண்டி பார்த்தான். தன் கையே தன்னை ஏமாற்றிவிட்டதா என்று யோசிக்கிற பார்வை.

"நாந்தான் கிழிச்சிருப்பேன் அண்ணாச்சி" என்றாள். "வேஸ்டு கிழிக்கும்போது நல்லதும் சேந்து போயிருக்கும். அந்தப் படத்தக் கண்டா எனக்குக் கை நிக்கல."

"கை நிக்கலன்னா? விளையாட்டா இது? இந்த ஆளுட்ட இனி அடுத்த ஆர்டர் எப்படிக் கேப்பேன்?"

மிஷின் ஓடவில்லை, ஹால் அமைதியாக இருந்தது, பை செந்தூர்பாண்டியின் காலடியில் இருந்தது. குனிந்து எடுத்து, 'இங்கன கெடந்துச்சு அண்ணாச்சி' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூடப் போதும். முன்பொருமுறை கேட்டில் பையைச் சோதித்து இரண்டு பேரை வேலையைவிட்டு அனுப்பிய கதை அவனுக்குத் தெரியும். இந்த வேலை போனால் அவனும் பட்டாசு மருந்துக்குத்தான் போகவேண்டும். மூன்று நிமிஷமோ நாலு நிமிஷமோ, அப்படியே நின்றான். அப்புறம் ஜெயச்சந்திரன் ஆபீசுக்குள் போய்விட்டார். பழி வள்ளித்தாய்மேல் விழுந்துவிட்டதால் சாயங்காலம் கேட்டில் அவன் பையை யாரும் திறந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை அதை மேசைக்கடியில் போட்டுவிடலாம் என்று பேப்பருக்குள் வைத்து எடுத்துத்தான் வந்தான். குனிந்துகூட விட்டான்.

"என்ன தேடுத? வள்ளித்தாயவா?" என்றாள் பாண்டிலட்சுமி. "அவ வரமாட்டா. நேத்தே கணக்கு முடிச்சு அனுப்பியாச்சு. ஒரு வார்த்தை எதுத்துப் பேசல பாவி. பெட்டியெல்லாம் ஒண்ணு கொறையவே விடியக்காலமே தூத்துக்குடி ஹார்பருக்குப் போயிருச்சு."

அவன் நிமிர்ந்தான். இனி எதற்கு என்று தோன்றியது. கோழைக்கு எப்போதும் கைகொடுக்கிற யோசனை அது. சாயங்காலம் வீட்டுக்குப் போய், பதினைந்துக்கும் பதினேழுக்கும் நடுவில் பதினாறைச் செருகினான். எழுபத்தெட்டு. ஒரு நிமிஷம், அதற்கு மேல் இல்லை, அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிற்பாடு அவனால் தாங்க முடியாமல் போனது அந்த ஒரு நிமிஷத்தைத்தான்.

ஆவணியில் ஒரு நாள் வேலைவிட்டு வந்த வேல்விழி, கைகழுவிக்கொண்டே சொன்னாள்.

"உங்க ஆபீஸ்ல இருந்துச்சே வள்ளித்தாயக்கா, எங்க கம்பெனிக்குத்தான் வருது. பாவமா இருக்கு."

"என்ன?"

"திரி வைக்கப் போட்டுருக்காங்க. ஒவ்வொரு தட்டையும் மூணு தடவ எண்ணுது. எண்ணி வச்சிட்டு, திரும்ப எடுத்து எண்ணுது. சீசன் நேரம், பீஸ் ரேட்டு. எல்லாரும் பத்துத் தட்டு முடிச்சா அது நாலு முடிக்குது. போர்மேன் ஏசுறான். ஏன்க்கா இப்படின்னு கேட்டேன். என் கைக்குப் புத்தி இல்ல தாயின்னு சொல்லுது."

செந்தூர்பாண்டி சாப்பிடாமல் எழுந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில், பெட்டியிலிருந்து அந்த ஒரு சீட்டை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அச்சங்குளத்துக்குப் போனான்.

வள்ளித்தாய் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, தேங்காய் நாரால் விரல் இடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் ஈயநிறப் பொடி ஏறியிருந்தது. தேய்த்தாலும் போகிற நிறம் இல்லை அது.

"வாலே பாண்டி. வேல்விழி வரலயா? இரு, காப்பி போடுதேன்."

"வேண்டாம்க்கா. உக்காருங்க."

சீட்டைக் கவிழ்த்துக் கட்டிலில் வைத்தான். நீலச் சதுரங்களைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"பதினாறு" என்றான். "நீங்க கிழிக்கலக்கா. அஞ்சாவது நூறுல நான் தொண்ணூத்தொம்பதுதான் வச்சேன். ஒண்ண நான் எடுத்துட்டேன்."

அவள் நாரைக் கீழே வைத்தாள். தெருவில் ஒரு ஆட்டோ போய்த் திரும்பியது.

"எதுக்கு எடுத்த?"

"எங்கிட்ட எழுபத்தேழு சேந்திருந்துச்சு. அது ஒண்ணுதான் கொறஞ்சது."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குப் புரியாதவள்போலச் சொன்னாள். "வாளில போடுறதுக்கு முன்னால ஒண்ண எடுத்து உங்கையில தந்திருப்பேன். எனக்கு எதுக்கு அது? தொலையட்டும்னுதான கிழிச்சேன்."

கேட்டிருக்கலாம். நாலு நாள் சாக்கில் கைவிட்டவனுக்கு, பத்தடி தள்ளி நின்றவளிடம் வாய்திறந்து கேட்கத் தோன்றவே இல்லை.

"ஆறு மாசம்லே" என்றாள். "நல்லது எது கெட்டது எதுன்னு தெரியாமக் கிழிச்ச கை, திரி எத்தன வச்சிச்சுன்னு எப்படி நம்ப? எங்கூட மூணு பிள்ளைக உக்காந்திருக்கு ரூம்ல. ஒண்ணு கூடக்கொறைய வச்சு அங்கன எதுவும் ஆச்சுன்னா? அதான் எண்ணுறேன். ராவு படுத்தாலும் வெரலு எண்ணுது."

"அண்ணாச்சிகிட்டச் சொல்லிர்றேங்க்கா. திரும்ப உங்களச் சேத்துக்கிடச் சொல்றேன்."

"என் எடத்துல இப்ப யாரு நிக்கா?"

"மாரிச்செல்வி."

"பஞ்சம்மா மகளா? ரெண்டு பிள்ளைய வச்சிக்கிட்டு நிக்கா. அவள எங்க அனுப்புவ? இங்கனயா?"

அவன் தலையைத் தொங்கப்போட்டான்.

"அண்ணாச்சிகிட்டச் சொல்லு, சொல்லாட்டிப் போ. மேசையில நிக்கவளுககிட்டச் சொல்லு. எட்டு வருசம் என் கையப் பாத்தவளுக அவளுக. எல்லாரும் நிக்கும்போது சொல்லு. வள்ளித்தா கை தப்புப் பண்ணலன்னு சொல்லு."

"சொல்றேங்க்கா."

அவள் சீட்டை எடுத்துத் திருப்பினாள். ஒரு நாளும் நேராகப் பார்க்காத படத்தை, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். விழுகிற ஆளின் மேல் விரலை வைத்தாள்.

"இம்புட்டுத்தானா? எட்டுக் கட்டம். உன் ஆட்டத்துல விழுந்தவன் எந்திரிச்சிருவாம்ல? சாப்பாட்டு நேரத்துல சொல்லுவியே."

அவன் தெருப்பக்கம் பார்த்தான்.

"கொண்டு போ" என்று நீட்டினாள். "உங்கிட்ட ஒண்ணு கொறையக்கூடாதுல்ல."

அவன் வாங்கிக்கொண்டான். வாங்காமல் இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலை காலண்டர் வேலை மும்முரம். மேசையைச் சுற்றி ஆறு பெண்கள். செந்தூர்பாண்டி மிஷினை நிறுத்திவிட்டு நடுவில் போய் நின்று சொன்னான். நாலு வரிதான். ஜெயச்சந்திரன் ஆபீஸ் கதவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், வேலை போயிற்று என்று நினைத்தான். போகட்டும் என்றும் நினைத்தான்.

"அந்த ஆளு பெறகு ஆர்டரே தரல. அந்தப் பேச்சு முடிஞ்சு போச்சு" என்றார் ஜெயச்சந்திரன். "இத இப்ப எதுக்கு இங்க வந்து சொல்ற?"

"அவங்க வேல போச்சு அண்ணாச்சி."

"அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு ஏச்சு ஏசி, சீட்ட வாங்கிப் பெட்டில போட்டிருப்பேன். பஞ்சிங் ஆள விட்டுட்டு நான் எங்க போய்த் தேட? மேசைக்குன்னா கேட்டுல பத்துப் பேரு நிக்காக." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போ, மிஷினப் போடு. சாயங்காலத்துக்குள்ள லோடு போகணும்."

செந்தூர்பாண்டி மிஷினுக்குத் திரும்பினான். அவனுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. அன்றைக்கும் ஆகியிருக்காது. எதற்குப் பயந்து அந்த நாலு நிமிஷம் நின்றானோ, அந்தப் பயத்துக்கு அடியில் ஒன்றுமே இருக்கவில்லை. அவளுக்குத்தான் இழக்க எல்லாம் இருந்தது. இதைத் தெரிந்துகொள்ள அவனுக்கு ஆறு மாதம் ஆயிற்று. அதுவும் வேறொருத்தியின் கைச்செலவில்.

பெண்கள் ஒருவரும் ஏசவில்லை. மாரிச்செல்வி தான் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தாள்; அப்புறம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

முதல் நூறு தயாரானது. பட்டை ஒட்டி மேசையில் கொண்டுபோய் வைத்தான். திரும்பப் போனவனைப் பாண்டிலட்சுமி கூப்பிட்டாள்.

"நில்லுலே."

பட்டையைப் பிய்த்தாள். அவனுக்கு முன்னாலேயே ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினாள். மற்றவர்கள் நடப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். நூறு வந்தது. சரியாக இருந்தது. தலையசைத்துப் புதுப்பட்டை ஒட்டினாள்.

அடுத்த நூறுக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும். லோடு தாமதமாகிறது என்று ஜெயச்சந்திரன் இரண்டு தரம் சத்தம் போட்டுப் பார்த்தார். பாண்டிலட்சுமி காதில் வாங்கவில்லை. இன்றுவரை எண்ணுகிறாள். அவள் எண்ணி முடிக்கும்வரை செந்தூர்பாண்டி மேசையோரம் நின்றுகொண்டிருப்பான். அந்நேரம் அச்சங்குளத்தில் ஒருத்தி தட்டில் எத்தனை தடவை எண்ணுகிறாள் என்று வேல்விழியிடம் கேட்க அவனுக்கு வாய் வந்ததில்லை.